கார்டு பாயிண்டில் வெளிநாடு: சேர்ப்பதும் சிந்தாமல் கொண்டுபோவதும்

கிரெடிட் கார்டு பாயிண்ட் சேர்வது ஊரில் இருக்கும்போது. அது சிந்திப்போவது வெளிநாட்டு ஹோட்டலின் பில் மேசையில். புதிதாக இதில் இறங்குபவர்கள் பெரும்பாலும் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வருகிறார்கள்: எந்தக் கார்டுக்கு எவ்வளவு போனஸ், எந்த விமான நிலைய லவுஞ்சில் இலவசச் சாப்பாடு. 100க்கு 2 மதிப்புள்ள பாயிண்ட் தரும் கார்டு, வெளிநாட்டுச் செலவுக்கு 100க்கு 3 கட்டணம் பிடித்தால், தேய்க்கத் தேய்க்க நஷ்டம்தான். அதனால் இந்த வழிகாட்டி ஓட்டையை அடைப்பதில் தொடங்குகிறது. கணக்குகளில் பெரும்பாலும் நாணயப் பெயர் போடவில்லை. எந்த நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான்.

அதற்கும் முன்னால் ஒரு நிபந்தனை. மாதா மாதம் பில் தொகையை முழுதாகக் கட்ட முடியாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். கிரெடிட் கார்டு வட்டி பல நாடுகளில் ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல். 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டினால், மீதி நிற்கும் தொகைக்கு மட்டுமல்ல, அடுத்த மாதம் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் போய்விடுவது வழக்கம். அந்த வட்டி, சேர்த்த பாயிண்டின் மதிப்பை விழுங்கிவிடும்.

முதல் படி: கார்டு

கார்டின் கட்டணப் பட்டியலைத் திறந்து ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: அந்நியச் செலாவணிக் கட்டணம். பொதுவாக 0 முதல் 3.5 சதவீதம் வரை இருக்கும். சில நாடுகளில் அதன்மேல் வரியும் சேரும். பயணச் செலவு 2,00,000 என்றால் 3 சதவீதம் என்பது 6,000. ஆண்டுச் சந்தா 3,000 உள்ள, இந்தக் கட்டணமே இல்லாத கார்டு அந்த ஒரு பயணத்திலேயே தன் விலையை மீட்டுவிடும்.

இந்தக் கட்டணத்தில் பலருக்குத் தெரியாத ஒரு கிளை உண்டு. வீட்டில் உட்கார்ந்தபடி, உங்கள் நாட்டு நாணயத்திலேயே விலை காட்டும் இணையதளத்தில் வாங்கினாலும், அந்த நிறுவனம் வெளிநாட்டில் பதிவானதாக இருந்தால் சில வங்கிகள் எல்லை தாண்டிய பரிவர்த்தனை என்று கட்டணம் போடும். ஹோட்டல் புக்கிங் தளங்களில் இது அடிக்கடி நடக்கும்.

அடுத்தது பாயிண்டின் வகை. மூன்று வகை உண்டு. பணமாகவே திரும்புவது, அதாவது கேஷ்பேக். ஒரே விமான நிறுவனத்தின் அல்லது ஹோட்டல் குழுமத்தின் பெயரில் நேரடியாகச் சேர்வது (விமானப் பாயிண்டை மைல் என்பார்கள்). மூன்றாவது, வங்கியின் சொந்தப் பாயிண்ட். வேண்டும்போது பல விமான, ஹோட்டல் திட்டங்களுக்கு மாற்றிக்கொள்ளலாம். புதியவர்களுக்கு மூன்றாவதுதான் நல்லது. ஒரு விமான நிறுவனம் திடீரென்று மைல் விலையை ஏற்றினால், மாற்றாமல் வைத்திருக்கும் பாயிண்டை வேறு பக்கம் திருப்பலாம். ஆனால் வருடத்துக்கு ஒரே ஒரு பயணம், அதுவும் பள்ளி விடுமுறையில் மட்டும் என்றால் கேஷ்பேக்கே போதும். விடுமுறை உச்சத்தில் பாயிண்ட் இருக்கையைத் தேடி அலைவது எல்லோருக்கும் ஒத்துவராது.

கையில் இரண்டு கார்டாவது வேண்டும், இரண்டும் வெவ்வேறு நெட்வொர்க்கில். விசா, மாஸ்டர்கார்டு ஏறக்குறைய எங்கும் செல்லும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பாயிண்ட் தாராளமாகக் கிடைத்தாலும், சிறு கடைகள் பல அதை வாங்காது.

வகை எண் என்னும் சூட்சுமம்

'பயணச் செலவுக்கு 5 மடங்கு பாயிண்ட்' என்று விளம்பரம் சொல்லும். எது பயணம் என்பதைத் தீர்மானிப்பது நீங்களும் அல்ல, கடைக்காரரும் அல்ல. கார்டு வாங்கும் ஒவ்வொரு வியாபாரத்துக்கும் நான்கு இலக்க வகை எண் ஒன்று உண்டு. 4511 விமான நிறுவனம், 7011 தங்குமிடம், 4722 பயண முகவர், 6011 ஏடிஎம்மில் எடுக்கும் ரொக்கம். பெரிய விமான நிறுவனங்களுக்கும் ஹோட்டல் குழுமங்களுக்கும் 3000 முதல் 3999 வரையிலான வரிசையில் தனி எண்கள் உண்டு. வங்கியின் கணினி இந்த எண்ணை மட்டும் பார்த்துப் பாயிண்ட் போடுகிறது. ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் சாப்பிட்டு அங்கேயே கார்டைத் தேய்த்தால் அது தங்குமிடமாகப் பதிவாகலாம், உணவகமாகவும் பதிவாகலாம். விமான டிக்கெட்டை முகவர் தளத்தில் வாங்கினால் 4722 விழுந்து, 'விமானச் செலவுக்கு' என்ற சலுகை கைநழுவலாம். சந்தேகமிருந்தால் முதலில் ஒரு சிறு தொகைக்கு வாங்கி, ஸ்டேட்மென்டில் எத்தனை பாயிண்ட் விழுந்தது என்று பார்த்த பிறகு பெரிய தொகையைத் தேயுங்கள்.

வரவேற்பு போனஸ்: பெரிய மீன் இங்கேதான்

அன்றாடச் செலவில் துளித்துளியாகச் சேர்வதைவிட, புதுக் கார்டின் வரவேற்பு போனஸ்தான் பயணத்துக்கான பெரும் பங்கைத் தரும். அதற்கு ஒரு நிபந்தனை இருக்கும்: இத்தனை நாளுக்குள் இவ்வளவு செலவழிக்க வேண்டும். 3 மாதம் என்பது பரவலான கெடு. இதில் தவறு நடக்கும் இடங்கள்:

- கெடு பெரும்பாலும் விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்கும், கார்டு தபாலில் வந்த நாளிலிருந்து அல்ல. 90 நாள் என்று நினைத்திருந்தால் கையில் இருப்பது 80 ஆக இருக்கலாம். வாடிக்கையாளர் சேவையில் கடைசித் தேதியைக் கேட்டு எழுதி வையுங்கள்.
- ஆண்டுச் சந்தா, ஏடிஎம்மில் எடுத்த ரொக்கம், வேறு கார்டின் கடனை இதற்கு மாற்றியது, இவை எதுவும் கணக்கில் சேராது.
- வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகை கழிந்துவிடும். இலக்கை 200 மட்டும் தாண்டி நிறுத்திவிட்டு, பிறகு ஒரு 500 ரீஃபண்ட் வந்தால் போனஸ் போய்விடும். இலக்குக்கு மேல் 5 சதவீதமாவது கூடுதலாகப் போய் நில்லுங்கள்.

வழக்கமாக எப்படியும் வரும் பெரிய செலவு, அதாவது காப்பீட்டுப் பிரீமியம், பள்ளிக் கட்டணம் போன்றவை, எந்த மாதம் என்று பார்த்து அதற்கு முன் மாதம் விண்ணப்பியுங்கள். போனஸுக்காகத் தேவையில்லாததை வாங்குவது, தள்ளுபடிக்காகக் கடையையே வாங்குவது போல. சில வங்கிகள் காப்பீடு, வாடகை, அரசுக் கட்டணங்களுக்குப் பாயிண்ட் தராது என்பதால் விலக்குப் பட்டியலையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

போனஸ் கைக்கு வர, இலக்கை எட்டிய பிறகு ஒன்றிரண்டு பில் சுற்றுகள் ஆகும். விமான நிறுவனங்கள் பயணத் தேதிக்கு 330 முதல் 360 நாள் முன்பே இருக்கைகளைத் திறந்துவிடுகின்றன. இலக்கை எட்டும் 3 மாதத்தையும் இவற்றோடு கூட்டிப் பார்த்தால், நீண்ட தூரப் பயணத்துக்கு விண்ணப்பம் போட வேண்டிய நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் வருடம் முன்னால். அவ்வளவு முன்கூட்டித் திட்டமிட முடியாதவர்களுக்கும் வழி உண்டு: விற்காமல் தங்கிய இருக்கைகளைப் பல நிறுவனங்கள் கடைசி இரண்டு மூன்று வாரங்களில் பாயிண்டுக்குத் திறந்துவிடும். தேதியை வளைக்க முடிந்தவர்களுக்கு அது கொண்டாட்டம்.

பாயிண்டின் விலையைக் கணக்கிடுதல்

டிக்கெட்டின் ரொக்க விலையிலிருந்து, பாயிண்டில் எடுத்தாலும் கட்டியாக வேண்டிய வரியையும் கட்டணத்தையும் கழியுங்கள். மீதியைத் தேவைப்படும் பாயிண்டால் வகுங்கள். ரொக்க விலை 600. பாயிண்டில் 25,000 மைலும் 100 வரியும் என்றால், 500ஐ 25,000ஆல் வகுத்து மைலுக்கு 0.02. அதே 25,000 மைல், ஆனால் வரியும் சர்சார்ஜும் சேர்ந்து 350 என்றால் மைலுக்கு 0.01தான். மைல் எண்ணிக்கை ஒன்றே, மதிப்பு பாதி.

இந்தப் பாதியை விழுங்குவது எரிபொருள் சர்சார்ஜ். டிக்கெட்டின் கட்டண விவரத்தில் ஒய்க்யூ, ஒய்ஆர் என்ற குறிகளில் ஒளிந்திருக்கும். இது அரசு வரி அல்ல, விமான நிறுவனம் போடுவது. ஒரே விமானத்துக்கு ஒரு மைல் திட்டம் இதை வாங்கும், இன்னொன்று வாங்காது. அதனால்தான் எந்தத் திட்டம் வழியாக எடுக்கிறோம் என்பது எந்த விமானத்தில் பறக்கிறோம் என்ற அளவுக்கு முக்கியம்.

வங்கி தரும் மற்ற வழிகளையும் இதே தராசில் வையுங்கள். பாயிண்ட் கொடுத்து மிக்ஸி வாங்கும் பட்டியல், பரிசுக் கூப்பன், பில்லில் கழிவு. பெரும்பாலும் பட்டியல் பொருள்தான் அடிமட்டம். வங்கியின் பயணத் தளத்தில் புக் செய்வது நடுவில் வரும். ஆனால் அங்கே எடுத்த ஹோட்டல் அறைக்கு அந்த ஹோட்டல் குழுமத்தின் பாயிண்டும் உறுப்பினர் சலுகையும் பொதுவாகக் கிடைக்காது. தேதி மாற்ற வேண்டுமென்றால் ஹோட்டல் உங்களைத் தளத்திடம் அனுப்பும், தளம் ஹோட்டலிடம் அனுப்பும்.

மாற்றும் பொத்தானை அழுத்துமுன்

வங்கிப் பாயிண்டை விமான மைலாக மாற்றினால் திரும்ப வராது. புதியவர்களின் மிகப் பெரிய தவறு, 'எப்படியும் பயன்படும்' என்று முன்கூட்டியே மாற்றிவிடுவது. விமான மைலுக்குக் காலாவதியும் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல் 36 மாதத்தில் தீரும். பிரிட்டிஷ் ஏர்வேஸின் மைலான ஏவியோஸ், கணக்கில் 36 மாதம் எந்த அசைவும் இல்லையென்றால் போகும். அமெரிக்க விமான நிறுவனமான டெல்டாவின் மைலுக்குக் காலாவதி இல்லை. ஆனால் எந்த மைலுக்கும் விலை உயர்விலிருந்து பாதுகாப்பு கிடையாது. வரிசை இப்படி இருக்கட்டும்:

1. முதலில் இருக்கையைத் தேடுங்கள். உலகின் பெரிய விமான நிறுவனங்கள் பல மூன்று கூட்டணிகளில் இருக்கின்றன: ஸ்டார் அலையன்ஸ் (1997), ஒன்வேர்ல்டு (1999), ஸ்கைடீம் (2000). ஒரு நிறுவனத்தின் மைலில் அதே கூட்டணியின் இன்னொரு விமானத்தில் பறக்கலாம். ஏர் கனடாவின் ஏரோபிளான் மைலில் ஜெர்மனியின் லுஃப்தான்சா, ஜப்பானின் ஏஎன்ஏ. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஏவியோஸில் கத்தார் ஏர்வேஸ், ஜப்பான் ஏர்லைன்ஸ். எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை. அதற்குத் தனித்தனி ஒப்பந்தங்கள்.

2. கண்ட இருக்கையை இன்னொரு தளத்திலும் சரிபாருங்கள். பார்க்கும்போது இருப்பதாகக் காட்டி, பணம் கட்டும் பக்கத்தில் பிழை காட்டும் பேய் இருக்கைகள் உண்டு. ஒரே கூட்டணியின் இரண்டு தளங்களில் அதே விமானம், அதே தேதி தெரிந்தால் நம்பலாம். அல்லது தொலைபேசியில் கேளுங்கள். சில நிறுவனங்கள் இருக்கையை ஓரிரு நாள் நிறுத்தி வைக்கவும் செய்யும்.

3. மாற்றும் விகிதத்தைப் பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று என்றால் நல்லது. ஹோட்டல் பாயிண்டை விமானத்துக்கு மாற்றுவது பொதுவாக இளைக்கும் வியாபாரம்: மேரியட் ஹோட்டல் குழுமத்தின் பான்வாய் திட்டத்தில் பெரும்பாலான விமானத் திட்டங்களுக்கு 3 பாயிண்டுக்கு 1 மைல், 60,000 மொத்தமாக மாற்றினால் 5,000 மைல் கூடுதல்.

4. பெயரைப் பாருங்கள். வங்கியில் முதலெழுத்து முன்னால், விமானக் கணக்கில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, பாஸ்போர்ட்டில் வேறு விதமாக என்று இருந்தால் மாற்றம் தடைபடும். நம் பெயர்களுக்கு இது தீராத தலைவலி. விமானக் கணக்கைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே திறந்து, வங்கியிலும் அதே பெயர் வரும்படி முன்கூட்டிச் சரிசெய்யுங்கள்.

5. எவ்வளவு நேரம் ஆகும் என்று பாருங்கள். சில திட்டங்களுக்கு நொடியில் போய்விடும், சிலவற்றுக்கு நாட்கள் ஆகும். அதற்குள் இருக்கை போய்விடலாம். பயணத்துக்குப் பல மாதம் முன்பே, அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவை ஒருமுறை அனுப்பிப் பாருங்கள். வேகமும் தெரியும், பெயர்ச் சிக்கலும் வெளியே வரும்.

டிக்கெட்டை ரத்து செய்தால் மைல் விமானக் கணக்குக்குத்தான் திரும்பும், வங்கிக்கு அல்ல. ரத்துக் கட்டணம் எவ்வளவு என்பதை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

கிளம்பும் முன் வாரம்

கார்டோடு வரும் பயணக் காப்பீட்டின் விதிப் புத்தகத்தைத் திறந்து ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: பாயிண்டில் எடுத்து வரியை மட்டும் இந்தக் கார்டில் கட்டினால் காப்பீடு செல்லுமா, முழுக் கட்டணமும் கட்டியிருக்க வேண்டுமா? கார்டுக்குக் கார்டு மாறும். மருத்துவச் செலவுக்கான வரம்பு சிறியதாக இருந்தால் தனிப் பயணக் காப்பீடு எடுத்துவிடுங்கள்; இதில் கஞ்சத்தனம் ஆகாது.

லவுஞ்ச் உறுப்பினர் உரிமை பல கார்டுகளில் தானாக வராது, தனியாகப் பதிந்து செயல்படுத்த வேண்டும். உடன் வருபவருக்குக் கட்டணமா, வருடத்துக்கு எத்தனை முறை என்பதையும் பாருங்கள். தெரியாமல் குடும்பத்தோடு நுழைந்தவர்களுக்கு அந்தச் சாப்பாட்டின் விலை அடுத்த ஸ்டேட்மென்டில் தெரியவரும்.

கார்டின் பின் நம்பர் நினைவிருக்கிறதா என்று பாருங்கள். ஆளில்லாத ரயில் டிக்கெட் இயந்திரம், பெட்ரோல் பம்ப் போன்றவை கையெழுத்தை ஏற்காது. ஓடிபி எந்த நம்பருக்கு வரும்? வெளிநாட்டில் புது சிம் போட்டுவிட்டு ஊர் சிம்மைப் பையில் வைத்தால், அங்கிருந்து இணையத்தில் எதையும் வாங்க முடியாது. ரோமிங்கில் எஸ்எம்எஸ் மட்டுமாவது வரும்படி வையுங்கள், அல்லது வங்கி ஆப் வழியே ஒப்புதல் தரும் வசதிக்கு மாறுங்கள். ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாடு என்ற சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டு கார்டுகளும் ஒரே பர்ஸில் இருக்கக் கூடாது.

மெஷின் முன்னால் மூன்று விநாடி

பில் 100 யூரோ. பணியாளர் மெஷினை உங்கள் பக்கம் திருப்புகிறார். திரையில் இரண்டு தொகைகள். ஒன்று யூரோவில். மற்றொன்று உங்கள் ஊர் நாணயத்தில், பெரிதாக, நட்போடு. அதன் கீழே பொடி எழுத்தில் மாற்று விகிதமும் 'மார்க்கப்' என்று ஒரு சதவீதமும். பழகிய நாணயத்தைக் கண்டதும் விரல் தானாக அங்கே போகும். அழுத்தினால் மாற்று விகிதத்தைப் போடுவது விசாவோ மாஸ்டர்கார்டோ அல்ல. கடைக்காரரின் வங்கியும் இடைத்தரகரும். 4, 5 சதவீதம் கூடுதலாகப் போவது சாதாரணம். கொடுமை என்னவென்றால், கடை வெளிநாட்டில் இருப்பதால் சில வங்கிகள் அதன்மேல் அந்நியக் கட்டணத்தையும் போடும். இரட்டை அடி.

எப்போதும் அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். கேட்காமலே பணியாளர் அழுத்திவிட்டால், பின் நம்பர் போடுமுன் நிறுத்தி, ரத்து செய்துவிட்டு உள்ளூர் நாணயத்தில் மறுபடி போடச் சொல்லுங்கள். ரசீது வந்த பிறகு கவனித்தாலும் அங்கேயே நின்று ரத்து கேளுங்கள். ஊர் திரும்பி வங்கியோடு மல்லுக்கு நிற்பது கடினம். ஏடிஎம்மும் இதே வித்தையைக் காட்டும்: 'மாற்றம் இல்லாமல் தொடர்க' என்ற பொருளில் இருக்கும் பொத்தானே உங்களுடையது. அழுத்தினால் பணம் வராதோ என்று பயமுறுத்தும் வாசகம் இருக்கும்; வரும்.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போடவே வேண்டாம். எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, தனிக் கட்டணம், பாயிண்டும் கிடையாது. ரொக்கத்துக்கு டெபிட் கார்டு.

பேருந்து, மெட்ரோவில் தட்டிப் போகும் வசதி உள்ள நகரங்களில் ஒரு நுணுக்கம்: லண்டன் போன்ற இடங்களில் ஒரு நாளின் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. காலையில் போனிலும் மாலையில் அதே கார்டை நேரடியாகவும் தட்டினால், இரண்டு வெவ்வேறு பயணிகள் என்று கணக்காகி உச்சவரம்பு கிடைக்காது.

ஹோட்டல், வாடகைக் கார்

அறைக்குள் போகுமுன் ஹோட்டல் ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைக்கும். அது செலவு அல்ல, முன்பிடிப்பு. ஆனால் உங்கள் கடன் வரம்பு அந்த அளவுக்குக் குறையும், விடுபடச் சில நாள் ஆகும். டெபிட் கார்டு கொடுத்தால் நிஜப் பணமே முடங்கும். இரண்டு மூன்று ஹோட்டல்கள், ஒரு வாடகைக் கார் என்று வரிசையாகப் பிடித்தால் கடைசி நாளில் கார்டு மறுக்கப்படுவதன் காரணம் இதுதான். முன்பிடிப்புக்கென்று வரம்பு அதிகமான ஒரு கார்டை ஒதுக்கிவிடுங்கள்.

வாடகைக் காருக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். கார்டு தரும் சேதப் பாதுகாப்பை நம்பி அவர்களின் பாதுகாப்பை மறுக்கும் முன், உங்கள் கார்டு விதி சில நாடுகளையும் சில வகை வண்டிகளையும் விலக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது வாடகை வண்டிக்கான சேதத்துக்கு மட்டும். எதிரில் வந்தவருக்கு ஏற்படும் காயத்துக்கு அல்ல. வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு பக்கமும் கூரையும் சக்கரமும் படமெடுங்கள்.

பெட்டி வரவில்லை அல்லது உடைந்து வந்தது என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே அறிக்கை எழுதி நகல் வாங்குங்கள். 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதமாக வந்ததற்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். கார்டு காப்பீடும் இதே தாளைத்தான் முதலில் கேட்கும்.

திரும்பிய பிறகு

ஸ்டேட்மென்டை ரசீதுகளோடு ஒப்பிடுங்கள். ரீஃபண்ட் வந்திருந்தால் தொகை கொஞ்சம் மாறியிருக்கும். திரும்பும் நாளின் மாற்று விகிதம் வேறு, பிடித்த கட்டணத்தைச் சில வங்கிகள் திருப்பித் தராது. ரொக்கத்தில் வாங்கிய டிக்கெட்டுக்கு மைல் விழவில்லையென்றால் போர்டிங் பாஸும் டிக்கெட் எண்ணும் கொண்டு கேட்கலாம். அதற்கும் கெடு உண்டு, ஆகவே மைல் கணக்கில் ஏறும்வரை அந்தச் சீட்டைக் கிழிக்காதீர்கள்.

ஆண்டுச் சந்தா வரும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் நினைவூட்டல் வையுங்கள். அந்த வருடம் கார்டு உண்மையில் எவ்வளவு தந்தது என்று கூட்டிப் பார்த்து, தொடர்வதா, சந்தா இல்லாத வகைக்கு இறங்குவதா, மூடுவதா என்று முடிவெடுங்கள். மூடுவதென்றால் வங்கிப் பாயிண்டை முதலில் பயன்படுத்திவிடுங்கள் அல்லது மாற்றிவிடுங்கள். விமானக் கணக்குக்குப் போன மைல் உங்களுடையது. வங்கியில் மிச்சமிருந்த பாயிண்ட் பெரும்பாலும் கார்டோடு போய்விடும்.